இரண்டாந் தாங்கி



யாழ்ப்பாணத்திலிருந்து வல்லை வெளியைக் கடந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே, வடமராட்சியின் வாசல்போல் அமைந்திருப்பது நெல்லியடிச் சந்தி. அண்மையில் ஒருநாட் காலை, அச்சந்திக்கு அணித்தாயுள்ள மோட்டார்ப் பட்டறையொன்றில் நான் அமர்ந்திருந்தேன். புதிய டீசல் பிக்கப் வாகனமொன்று அங்கு வந்து நின்றது. எரிபொருள் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தபோது, கறுப்பு மூடிக்குப் பக்கத்தில் நீல மூடியொன்றும் காணப்பட்டது. சந்தைக்கு வெங்காயம் கொண்டுவந்த முதியவர் ஒருவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, உதென்ன, தண்ணி விடுற வாயோ?" என்றார்.

"இல்லை அப்பு, யூரியாத் தண்ணி விடுறது."

"யூரியாவோ? அப்ப உது தோட்டம் கொத்தவும் போகுமோ?"

பட்டறை முழுவதும் சிரித்தது. ஆனால் முதியவரின் கேள்வி சிரித்துவிட்டு மறக்கக்கூடிய கேள்வியன்று. வாகனத்திற்கு எதற்காக யூரியா? அதற்கெனத் தனியே ஒரு தாங்கி எதற்கு? அத்தாங்கியை வாகனத்தின் எப்பகுதியில் வைப்பது? இம்மூன்றில் மூன்றாவது கேள்வியே என் உள்ளத்தை அதிகம் கவர்ந்தது. ஏனெனில் அக்கேள்வி எங்கள் ஊருக்குப் புதிதன்று.

மோட்டார் வாகனத்தில் இரண்டாவதாக ஒரு திரவத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் பழையது. 1949ஆம் ஆண்டளவில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, மண்ணெண்ணெயைப் போன்ற மலிந்த எண்ணெயில் ஓடிற்று. குளிர்ந்திருக்கும் எஞ்சினில் அவ்வெண்ணெய் ஆவியாகாது. ஆகவே முதலிற் பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின்னர் குழாய்த் திறப்பைத் திருப்பி மற்ற எண்ணெய்க்கு மாற்றுவர். வேலை முடிந்து நிறுத்துமுன் மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்பவேண்டும். அன்றேல் மறுநாட் காலையில் இயந்திரம் எழும்பாது. இதற்காகவே பெற்றோலுக்கெனச் சிறியதோர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்தப் பழைய வித்தை, 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகிய பின்னர், குடாநாட்டு மக்களுக்கு உயிர்காக்கும் வித்தையாயிற்று. பெற்றோலும் டீசலும் கிட்டுதற்கரிய பொருள்களாயின. மோட்டார்ச் சைக்கிள்களும், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலொன்றிற் பொன்போற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினைத் தொடக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் தன் வேலையைப் பார்க்கும். பின்னால் எழும் வெண்புகையும் கண்ணெரிவும் அக்காலத்தைக் கண்டவர்களுக்கு மறவா.

அந்தப் போத்தலை எங்கே வைப்பது? எங்கள் அயலிற் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவர் இதற்கொரு விதி சொல்லுவார்: "சூட்டுக்குக் கிட்ட வையாதை, கைக்கு எட்டாத தூரத்திலையும் வையாதை." எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தாற் தீப்பற்றும், பின்னாற் பெட்டியில் வைத்தால் மழையில் நின்று தேடவேண்டும். முப்பதாண்டுகளுக்குப் பின்னர் உலகத்துப் பெரிய வாகனக் கம்பனிகளின் பொறியியலாளர் கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு தீர்க்கமுயலும் சிக்கலும் ஏறத்தாழ இதுவே என்று நான் சொன்னால், நேயர்கள் ஊர்ப்பெருமை பேசுகிறேன் என்று எண்ணக்கூடும். பொருளைச் சற்று விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

டீசல் எஞ்சினுள்ளே மிகுந்த வெப்பத்தில் எரிபொருள் எரியும்போது, காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகின்றன. இவை நெஞ்சறைக்குக் கேடு. நகரங்களின் மேலே புகைமூட்டத்திற்குக் காரணம். இவற்றை அடக்குவதற்கு அமோனியா உதவும். ஆனால் அமோனியாவைத் தாங்கியில் அடைத்துக்கொண்டு வீதியில் ஓடுவது ஆபத்து. ஆகவே தூய நீரில் யூரியாவைக் கரைத்து, அக்கரைசலைச் சூடான புகைக்குழாயினுள்ளே தூவலாகச் செலுத்துகிறார்கள். வெப்பத்தில் யூரியா சிதைந்து அமோனியாவாகிறது. அமோனியா, ஊக்கி பூசப்பட்ட அறையினுள் நைதரசன் ஒட்சைட்டைச் சந்தித்து, தீங்கற்ற நைதரசனாகவும் நீராவியாகவும் அதனை மாற்றிவிடுகிறது. கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்கவேண்டும். அந்த அளவிலேதான் அது உறையும் வெப்பநிலை மிகத் தாழ்ந்து, சைபருக்குக் கீழே 11 பாகை செல்சியசாகிறது. ஐரோப்பாவில் இதற்கு அட்புளூ என்று பெயர். அப்பெயர் ஜெர்மானிய மோட்டார்த் தொழிலாளர் சங்கத்துக்கன்று, ஜெர்மானிய மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்துக்கு உரியது. அமெரிக்காவின் பாரமான பிக்கப் வாகனங்களில், 2010ஆம் ஆண்டின் புகைவிதிகளை ஒட்டி இம்முறை பரவிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரில் முதலாந் திகதி பாரத் நிலை ஆறு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், லொறிகளின் பக்கவாட்டில் நீல மூடிகள் பெருகலாயின. நம் நாட்டில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆகவே நெல்லியடியிலும் நீல மூடியைக் காண்பது இனி அதிசயமாக இராது.

டீசல் நூறு லீற்றர் செலவாகும்போது இக்கரைசல் மூன்று முதல் ஐந்து லீற்றர் வரை செலவாகும். இருபது லீற்றர்த் தாங்கியொன்று, குறைந்தது நானூறு லீற்றர் டீசலுக்குத் துணைநிற்கும். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வாகனமானால், கொழும்புக்கு ஐந்துமுறை போய் மீளலாம். நிரம்பிய தாங்கியின் கரைசல் மட்டும் ஏறத்தாழ 22 கிலோகிராம் எடை.

இனி இடத்தைப் பார்ப்போம். பெரிய லொறியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சட்டத்தின் பக்கத்தில் தொங்கவிட்டுவிடலாம். பிக்கப் வாகனத்தின் அடியிற் படுத்துப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள நெருக்கடி தெரியும். நடுவிலே சுழல்தண்டு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியானால் அதற்குரிய பற்சக்கரப் பெட்டி, ஒரு பக்கத்திற் புகைக்குழாய், மறுபக்கத்தில் டீசல் தாங்கி, பின்னே மேலதிகச் சக்கரம். இத்தனைக்கும் இடையிற் புதிய தாங்கியைச் செருகவேண்டும். கரைசலைத் தூவும் குழல் புகைக்குழாயிலேதான் இருக்கிறது. எனவே தாங்கி அதற்கு மிகத் தொலைவில் இருத்தலாகாது. அதே புகைக்குழாயின் வெப்பம் கரைசலைக் கெடுக்கும். எனவே கிட்டவும் இருத்தலாகாது. பட்டறை முதியவரின் விதி நினைவுக்கு வருகிறதல்லவா? கீழே தாழ்த்தினாற் கல்லும் வெள்ளமும் தாக்கும். மேலே உயர்த்தினாற் பொதி ஏற்றும் இடம் குறையும்.

ஊற்றும் வாய்க்கும் இதே பாடு. சில வாகனங்களில் அதைப் பின்புறப் பெட்டியினுள் வைத்தார்கள். சிந்தினால் அமோனியா நாற்றம். வேறு சிலவற்றில் எஞ்சின் மூடியின் கீழே வைத்தார்கள். அங்கே சிந்தும் கரைசல் மின்கம்பி இணைப்புகளுக்குள் ஊர்ந்து சென்று செம்பை அரிக்கும். கடைசியில் டீசல் வாய்க்குப் பக்கத்திலேயே பலர் வைத்தனர். வசதிதான், ஆனால் இரண்டு வாய்கள் அருகருகே இருந்தால், அரைத்தூக்கத்தில் நிற்பவன் மாறி ஊற்றமாட்டானா? அதைத் தடுக்கவே கரைசல் நிரப்பும் குழலின் முனையை 19 மில்லிமீற்றராக ஒடுக்கிவைத்தார்கள். டீசல் முனை அதனினும் பருமனாகையால் நீல வாய்க்குள் நுழையாது. ஒடுங்கிய முனையோ டீசல் வாய்க்குள் தாராளமாக நுழையும்! ஆதலால் நீல வாயின் கழுத்தில் ஒரு காந்த வளையத்தை அமைத்து, அக்காந்தத்தை உணர்ந்தாலன்றிக் கரைசல் பாயாதபடி செய்தார்கள். நல்ல யோசனை. ஆனால் நம்மூரில் முனையுமில்லை, காந்தமுமில்லை. பிளாஸ்ரிக் கலனும் புனலுமே உண்டு. கரைசல் டீசல் தாங்கிக்குட் போனால் உயரழுத்தப் பம்பும் தெளிகுழல்களும் துருப்பிடித்து நாசமாகும். மாறி ஊற்றிவிட்டதாக ஐயம் எழுந்தாற் சாவியைத் திருப்பக்கூடாது. வாகனத்தைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போவதே குறைந்த செலவு.

தாங்கியின் இடமும் அளவும் பணப்பெறுமதி உடையவை என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு சான்று. பெரிய தாங்கி வைத்தால் இடம்போகும், விலை ஏறும். சிறிய தாங்கி வைத்தால் வாடிக்கையாளர் அடிக்கடி நிரப்பவேண்டும். இந்த இக்கட்டிலே ஜெர்மானியக் கம்பனிகள் போட்டியிட்டுத் தீர்வு காண்பதற்குப் பதிலாகத் தம்முட் கூடிப்பேசி, தாங்கியின் அளவையும் அது தாக்குப்பிடிக்கும் தூரத்தையும் ஒத்துக்கொண்டன. 2009 முதல் 2014 வரை இது நடைபெற்றதெனக் கண்ட ஐரோப்பிய ஆணைக்குழு, 2021 ஜூலை மாதத்தில் வொக்ஸ்வாகன் குழுமத்துக்கும் பீ.எம்.டபிள்யூ. கம்பனிக்குமாக 87 கோடி 50 இலட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. இரகசியத்தை வெளியிட்ட டைம்லர் கம்பனி தண்டம் செலுத்தாமல் தப்பியது. ஒரு பிளாஸ்ரிக் தொட்டியின் கொள்ளளவுக்காக இத்தனை பெருந்தொகை!

நெல்லியடிக்குத் திரும்புவோம். குளிர்நாடுகளிற் கரைசல் உறையாதிருக்கத் தாங்கியினுள் சூடேற்றும் கருவியை வைத்திருக்கிறார்கள். எங்கள் வெயிலில் அதற்கு ஒருநாளும் வேலையிராது. ஆயினும் அது பழுதானால் எச்சரிக்கை விளக்கு எரியும். சில வாகனங்கள் ஓட்டத்தையே கட்டுப்படுத்தவும் கூடும். பயன்படாத கருவி பழுதானதற்காக வண்டி நிற்பது நமக்கு வேடிக்கையாகத் தோன்றும். பணம் கட்டுபவருக்கு வேடிக்கையாக இராது. எமக்கு உண்மையான பகை வெப்பமே. 25 பாகையில் ஒன்றரை வருடம் கெடாதிருக்கும் கரைசல், 35 பாகையில் ஆறு மாதமே நிற்கும். கடை வாசலில் வெயிலில் அடுக்கிவைத்த கலனை வாங்குபவர் இதை நினைத்துக்கொள்ளவேண்டும். வல்லை வெளியின் உப்புக்காற்று தாங்கியைத் தின்னாது, அது பிளாஸ்ரிக். ஆனால் அதைத் தாங்கிநிற்கும் இரும்புப் பட்டிகளைத் தின்னும். 2008 நவம்பரில் நிஷாப் புயலின்போது பெய்த மழையை மறவாதவர்கள், தாங்கியின் பம்பும் மின்னிணைப்பும் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் உள்ளன என்பதையும் பார்ப்பார்கள்.

இவையெல்லாவற்றையும்விட எனக்கு அச்சந்தருவது வேறொன்று. யூரியா எங்களுக்குப் பழக்கமான பொருள். பாத்திக்கு எத்தனை பிடி என்பது தோட்டக்காரரின் கைக்குத் தெரியும். கரைசல் கிடைக்காதபோது, உரப்பையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை எடுத்துக் கிணற்று நீரிற் கரைத்து ஊற்றினால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் எழும். மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு எழாமலிருக்குமா? ஆனால் இங்கே அந்த வித்தை பலிக்காது. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிவருவது. கேத்தலின் அடியிற் படியும் வெண்படையை எல்லோரும் கண்டிருக்கிறோம். தரமான கரைசலில் ஒரு கிலோகிராமுக்குக் கல்சியம் அரை மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது சர்வதேச நியமம். கேத்தலிற் படிவது ஊக்கியறையிலும் படிந்து அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். உர யூரியாவில் பையூரெற் என்னும் பொருளும் மணிகள் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் பொருள்களும் உண்டு. அவையும் குழலை அடைக்கும். ஊக்கியறை பழுதானால் மாற்றும் செலவிற் பழைய வாகனமொன்றே வாங்கலாம்.

கரைசல் தட்டுப்படுமா என்று கேட்பது வீண் அச்சமன்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில், சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியதும் தென்கொரியாவின் லொறிகள் நிற்கும் நிலை வந்தது. அந்நாட்டரசு விமானப்படை விமானத்தை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லீற்றர் கரைசலை ஏற்றிவந்தது. அதே ஆண்டில் எங்கள் நாட்டில் இரசாயன உர இறக்குமதித் தடையால் தோட்டங்கள் பட்டபாட்டை நான் சொல்லவேண்டியதில்லை. தாங்கி வற்றிய வாகனத்தை நிறுத்தினால் மீண்டும் தொடக்கவிடாது, அல்லது ஊர்ந்து செல்லவே விடும். நடுநிசியில் மந்திகை வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிச் செல்பவருக்கு, காற்றின் தூய்மையைக் காக்கும் விதி அவ்வேளையில் எப்படித் தோன்றும்? அமெரிக்காவிலேயே உழவர்களும் லொறிக்காரர்களும் முறையிட்டதன் பேரில், 2025 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுற்றாடல் முகவரகம் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்த வழிகாட்டல் வெளியிட்டது. காற்றும் வேண்டும், வண்டியும் ஓடவேண்டும். எச்சரிக்கைக்கும் நிறுத்தத்துக்கும் இடையில் நீண்ட அவகாசம் கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து.

அன்று பட்டறையில் அந்த முதியவர் புறப்படுமுன் வாகன உரிமையாளரிடம் இன்னுமொரு கேள்வி கேட்டார்: "தம்பி, உந்தத் தண்ணி முடிஞ்சால் எங்கை வாங்கிறனீர்?" உரிமையாளர் யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் பெயரைச் சொன்னார். "வீட்டிலை ஒரு கான் வைச்சிரும். வெயிலிலை வையாதையும்" என்று சொல்லிவிட்டு, முதியவர் தம் வெங்காயக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்தார்.