சாணிக்கு வந்த மதிப்பு



எனக்குக் கொடுத்த தலைப்பு 'வேளாண் உயிரியல் பொருளாதாரமும் புத்தொழில் நிதியும்'. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சாணியிலிருந்து எரிவாயு, வைக்கோலிலிருந்து எரிபொருள், நுண்ணுயிரிலிருந்து உரம், எலும்பைப் பொடித்துப் பயிருக்குச் சத்து. இவ்வளவுதான். இதில் எது நம் சேரிக்குப் புதுசு? நம் பாட்டி கூடையில் சுமந்தால் அது சாணி. பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டினால் பஞ்சகவ்யா.

பணம் இல்லாமல் இல்லை. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 'பயோஇ3' கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. 2030இல் 30,000 கோடி டாலர் உயிரியல் பொருளாதாரம் என்பது இலக்கு. பைராக் என்ற ஒன்றிய அரசு நிறுவனம், தொடக்க நிலையில் இருக்கும் ஒரு யோசனைக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. அந்தப் பணம் யார் வாசலில் போய் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அவர்கள் செய்தது கழிவு மேலாண்மை. அதன்பின் எழுந்த போராட்டத்தின் முழக்கம் என்ன? மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தைக் கொடுங்கள் என்பது. நிலத்தை ஏன் கேட்டார்கள் என்பதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

உயிர் உரம் தயாரிக்கிற ஒரு தங்கையை எனக்குத் தெரியும். நுண்ணுயிரியல் படித்தவர். கடன் கேட்டுப் போனால் வங்கியில் பத்திரம் கேட்கிறார்கள். உத்தரவாதத் திட்டம் இருக்கிறதே என்றால், "அது வேற, நீங்க பத்திரம் கொண்டாங்க" என்கிறார்கள். சரி, கடனே வேண்டாம், மானியத்துக்குப் போகலாம் என்றால், உரம் வேலை செய்கிறது என்று வயலில் காட்ட வேண்டும். யார் வயலில்? 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடிப் பரப்பு 9 சதவீதத்துக்கும் குறைவு. இந்தத் தங்கை கடைசியில் ஊர்த்தெருக்காரர் ஒருவரின் அரை ஏக்கரைக் கெஞ்சி வாங்கினார். விளைச்சல் நன்றாக வந்தது. அடுத்த போகத்துக்கு அவர் நிலம் தரவில்லை.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கென்று புத்தொழில் நிதி இருக்கிறது. 2022-23இல் 30 கோடி, அடுத்த ஆண்டு 50 கோடி. கடனாக இல்லாமல் பங்கு முதலீடாகத் தருகிறார்கள்; அடமானம் கிடையாது. இது நல்ல திட்டம், தயங்காமல் சொல்கிறேன். ஆனால் நிலமற்றவருக்குச் சோதனை வயலை அந்தப் பணம் தராது.

நிலம் இல்லையா? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அறிக்கை கொடுத்து, அதன்வழி நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். மீட்கும் நிலத்தில் ஒன்றியத்துக்கு ஐந்து ஏக்கரை நம் பிள்ளைகளின் சோதனை வயலாக ஒதுக்கச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். பின்வரிசை மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது உங்கள் ஒன்றியத்தின் பெயரையும் எழுதுங்கள்.