மூளைக்குச் சிறிது மின்சாரம்



திருவொற்றியூரில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி வந்தார். சென்ற ஆண்டு பக்கவாதம் கண்டு அவருடைய வலக்கை செயலிழந்தது. "ஐயா, தலையில் மின்சாரம் செலுத்தினால் கை வரும் என்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்டார். அருகில் நின்ற அவர் மகனோ, நினைவாற்றலைப் பெருக்கித் தேர்வில் வெல்ல அதே கருவியை வாங்க வேண்டுமென்றான்.

மின்சாரம் என்றதும் நம் பகுதியினருக்கு 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் நினைவுக்கு வரும். இங்கே நான் கூறுவதோ ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் அளவே. கைவிளக்கின் பழைய குமிழை எரிக்கவும் அது போதாது.

இக்கதை கடலில் தொடங்குகிறது. தொட்டால் அதிர்ச்சி தரும் மின்திருக்கை இனம் நம் வங்கக் கடலிலும் உண்டு. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் உரோம மருத்துவர், தலைவலிக்கு அம்மீனை உயிருடன் தலைமேல் வைக்கச் சொன்னார். நோயாளியின் துணிவைத்தான் நான் வியக்கிறேன்!

2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்னும் இருவர், நனைத்த பஞ்சுப் பட்டைகளை மண்டையின்மேல் பொருத்தி மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்தினர். நேர்மின்வாயின் கீழிருந்த இயக்கப் பகுதி எளிதில் கிளர்ச்சியுற்றது; எதிர்மின்வாயை அங்கு வைத்தபோது அடங்கிற்று. மின்னோட்டம் நின்ற பின்னும் அவ்விளைவு சில நிமிடங்கள் நீடித்தது. இம்மின்சாரம் நரம்பணுவை உலுக்கி எழுப்புவதில்லை. அது எழுவதை எளிதாக்குகிறது அல்லது கடினமாக்குகிறது, அவ்வளவே. நம் நாட்டில், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையத்தில், மருந்துக்கு அடங்காமல் காதில் குரல்கள் கேட்கும் மனச்சிதைவு நோயாளரிடம் இம்முறையை ஆராய்ந்திருக்கிறார்கள்.

மகனுக்கு நான் ஆக்ஸ்போர்டு ஆய்வொன்றைச் சொன்னேன். 2013-இல் வெளியான அதில், புதிய எண் குறிகளைக் கற்போரின் மூளையில் ஓரிடத்தைத் தூண்டினார்கள். கற்கும் வேகம் கூடிற்று. கற்றதைத் தன்னியல்பாகக் கையாளும் திறனோ குன்றிற்று. வேறோரிடத்தைத் தூண்டியபோது விளைவு தலைகீழாயிற்று. வாய்ப்பாட்டை விரைந்து ஒப்பித்துவிட்டுக் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளைக் கண்ட எனக்கு இதில் வியப்பில்லை. கடையில் வாங்கித் தலையில் மாட்டும் பையன், எதைக் கொடுத்து எதைப் பெறுகிறான் என்பதை எங்ஙனம் அறிவான்? பட்டைகளைச் சரிவர நனைக்காவிடில் தோலும் புண்ணாகும். 2016-இல் ஆராய்ச்சியாளர் பலர் ஒன்றுகூடி, வீட்டில் தாமே செய்துகொள்வோருக்குத் திறந்த மடல் எழுதி எச்சரித்தது இதனாலேதான்.

தந்தைக்கு மறுமொழி கூறுவது அத்துணை எளிதாயில்லை. பக்கவாதத்தில் இம்முறையின் பயன் குறித்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தருமிடத்தும், கைப்பயிற்சியோடு சேர்த்தே தருகிறார்கள். மின்சாரம் மட்டும் விரலை மடக்கக் கற்பிக்காது. வலிப்பு உடையவரும் தலையினுள் உலோகம் பொருத்தப்பட்டவரும் மருத்துவரைக் கேளாமல் இதனை அணுகவே கூடாது. "நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள், பயிற்சியை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்" என்றேன். அவர் முகம் சற்று வாடிற்று.

சென்ற வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. எழுத்து மகனுடையது. அடியில் கோணலாக ஒரு கையொப்பம், வலக்கையால் இட்டதாம்.