உப்பிய பேட்டரியோடு தர்மம் வேண்டாம்

(டிரஸ்டின் கல்வி உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சபரிலிருந்து ஊர் வரும் நம் சகோதரர்கள், பழைய லேப்டாப்பையும் செல்போனையும் கொண்டுவந்து, "ஏழைப் பிள்ளை யாருக்காவது கொடுங்கள்" என்று நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் அவற்றில் சிலவற்றைத் திறந்தால் கீபோர்டு மேலே எழும்பி நிற்கிறது. சில போன்களில் பின்மூடி விலகியிருக்கிறது. "ஓடத்தானே செய்கிறது, சார்ஜரிலேயே போட்டு வைத்துப் படிக்கட்டும்" என்கிறார்கள். அது தேய்மானம் அல்ல, ஆபத்து. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

போனிலும் லேப்டாப்பிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதற்குள் இரண்டு தகடுகள், அவை ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு, எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். வயதாகும்போதும், அளவுக்கு மீறிச் சூடாகும்போதும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. அதனால்தான் உப்புகிறது. உள்ளே இருக்கும் ஏடு கிழிந்தால் தகடுகள் தொட்டுக்கொள்ளும். அப்போது கிளம்பும் சூடு மேலும் சூட்டைக் கிளப்பி, சில நொடிகளில் நெருப்பாகிவிடும். பொதுவாக இந்தப் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் சார்ஜ் செய்யக் கூடாது. நம் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையும், வெயிலில் நிறுத்திய காரும் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். தலையணைக்கு அடியில் போனை வைத்தால் சூடு வெளியேற வழியே இல்லை.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தகப்பனும் மகளும் இறந்தார்கள். ஸ்கூட்டர் பேட்டரி பெரியது, போன் பேட்டரி சிறியது. ஆனால் வகை ஒன்றுதான். 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலிருந்த பெட்டியிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்தது ஒரு சாம்சங் நோட் 2 போன். ஊழியர்கள் தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், விமானம் பத்திரமாக இறங்கியது. சிங்கப்பூர், மலேசியா என்று நம் வீட்டுப் பிள்ளைகள் போய்வருகிற பாதை அது. பவர் பேங்கை லக்கேஜில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். உள்ளே புகைந்தால் உடனே கண்ணில் படும்.

இனி, பேட்டரியைக் கழற்ற முடிவதால் வரும் நன்மையைப் பாருங்கள். 2007 ஆகஸ்டில், நோக்கியா நிறுவனம் தன் பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் போடும்போது அதிகமாகச் சூடாகலாம் என்று அறிவித்தது. நம்மில் பலர் பின்மூடியைக் கழற்றி எண்ணைச் சரிபார்த்தது நினைவிருக்கும். எண் பொருந்தினால் பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். போன் நம் கையிலேயே இருந்தது. 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது அப்படிச் செய்ய வழியில்லை. பேட்டரி உள்ளேயே ஒட்டி மூடப்பட்டிருந்தது. ஏறக்குறைய 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்பப் பெற்றார்கள். மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடிக்கவே, அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள்.

இன்று நம் கையில் இருப்பவை பெரும்பாலும் மூடிய போன்கள்தாம். மாற்றுவதற்குச் செலவும் அலைச்சலும் உண்டு என்பதால், உப்பிய பிறகும் தள்ளிப்போடுகிறோம். ஐரோப்பிய யூனியன், 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகளுடன், வாங்கியவரே பேட்டரியை மாற்றும்படி சாதனங்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியிருக்கிறது. நாமும் வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்போம்: "இதற்கு பேட்டரி மாற்ற முடியுமா? கம்பெனி பேட்டரி எங்கே கிடைக்கும்? என்ன விலை?"

கழற்ற முடிகிறது என்பதற்காக மலிவான டூப்ளிகேட்டைப் போட்டுவிடாதீர்கள். பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய போனைக் கத்தியால் நெம்பாதீர்கள். விவரம் தெரிந்த சர்வீஸ்காரரிடம் கொடுங்கள்.

பேட்டரி உப்பியது தெரிந்தால் சார்ஜரை எடுத்துவிட்டு, சாதனத்தை அணைத்துவிடுங்கள். அழுத்தவோ ஊசியால் குத்தவோ கூடாது. துணி, பாய், காகிதம் இல்லாத சிமெண்டுத் தரையில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். புகை வந்தால் பொருளைக் காப்பாற்றப் போகாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. எல்லோரையும் வெளியேற்றி 101-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். நசுங்கினால் குப்பை வண்டியே எரியும், அதில் இருப்பவரும் ஒரு வீட்டின் அத்தாதான். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழையதைச் சேகரிக்கும் பொறுப்பை விற்கும் கம்பெனிகள் மேல் வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் இடத்தில் பழையதைக் கொடுக்கக் கேளுங்கள்.

கடைசியாக, டிரஸ்டின் வேண்டுகோள். பழைய சாதனங்களைத் தாராளமாகத் தாருங்கள். ஆனால் பேட்டரியைப் பரிசோதித்து, தேவையானால் மாற்றிய பிறகே மாணவர்களுக்குக் கொடுப்போம். லேப்டாப் தர முடியாதவர்கள், ஒரு பேட்டரியின் விலையைத் தந்தாலும் அதுவும் ஸதகாதான். வாங்கும் பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் ஒரே அறைதான். தம்பி தங்கைகள் பக்கத்திலேயே படுத்திருப்பார்கள். நம் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கத் துணியாத ஒன்றை அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்றிரவு படுக்கும் முன், தலையணைக்கு அடியிலிருக்கும் போனை எடுத்துத் தள்ளி வையுங்கள். அல்லாஹ் நம் வீடுகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.