பார்க்குக்குச் சுவர் எவ்வளவு உயரம் வேணும்?

இன்னைக்கு எபிசோட் ஒரு பார்க்கைப் பத்தி. நியூயார்க்ல, மான்ஹாட்டன் நடுவுல, பெரிய பொது நூலகத்துக்குப் பின்னாடி இருக்கிற பிரையன்ட் பார்க். ஆன்சைட் போன நம்ம ஐடி நண்பர்கள் பச்சை நாற்காலில உட்கார்ந்து காபியோட போட்டோ போடுவாங்களே, அது அநேகமா இங்க எடுத்ததாத்தான் இருக்கும்.

ஆனா 1970-கள்ல இதே பார்க்குக்குள்ள போக ஜனங்க பயந்தாங்க. பட்டப்பகல்ல போதைப்பொருள் வியாபாரம். இப்படி ஒரு இடம் நம்ம ஏரியாவுல இருந்தா என்ன சொல்வோம்? சுவரை ஒசத்து, போலீஸைப் போடு, கேட்டைப் பூட்டு.

அங்க வில்லியம் ஒயிட்னு ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அடிப்படையில பத்திரிகையாளர். நகரத்துல மனுஷங்க எங்க உட்காருறாங்க, எங்க நின்னு பேசுறாங்கன்னு கேமரா வச்சு வருஷக்கணக்கா பார்த்தவர். அவர் சொன்ன யோசனை நேர் எதிர்: அடைச்சு வச்சதாலதான் பிரச்னை, திறந்து விடுங்க.

ஏன்னா, 1934-ல அந்தப் பார்க்கைத் திருத்திக் கட்டினப்போ, அமைதியா இருக்கட்டும்னு தெருவை விட மேடாக்கி, சுத்தி இரும்பு வேலி, அடர்த்தியான புதர்ச்செடி எல்லாம் வச்சிருந்தாங்க. தெருவுல போறவங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. உள்ள இருக்கிறவங்களுக்கு ஏதாவது ஆனா ஓடி வர வழியும் கம்மி. அந்த மறைவுதான் வியாபாரிக்கு வசதி. நம்ம பாஷையில சொன்னா, தப்பு யூசர்கிட்ட இல்ல, டிசைன்ல இருந்துச்சு.

1980-ல இதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. 1988-ல பார்க்கை மூடி, 1992-ல திறந்தாங்க. நடுவுல புல்வெளிக்கு அடியில நூலகத்துக்குப் புத்தகக் கிடங்கு கட்டினது தனிக் கதை. புதரை எடுத்தாங்க, வாசல்களை அகலப்படுத்தினாங்க, ரொம்ப நாளா மூடிக் கிடந்த டாய்லெட்டைச் சரி பண்ணினாங்க. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நகர்த்தக்கூடிய நாற்காலிகள். ஒயிட் கவனிச்சது இது: ஒரு நாற்காலி கிடைச்சா மனுஷன் சும்மா உட்காரமாட்டான். ரெண்டு இஞ்ச் நகர்த்திட்டுத்தான் உட்காருவான். தேவையே இருக்காது, ஆனாலும் நகர்த்துவான். அந்த இடம் என்னோடதுன்னு ஆகுறது அங்கதான். சிமெண்ட் பெஞ்ச்ல அது நடக்காது.

இன்னொண்ணு, அவங்க பார்த்த மெட்ரிக். பார்க்ல பெண்கள் எத்தனை பேர்னு எண்ணினாங்க. பெண்கள் குறைஞ்சா அந்த இடத்துல ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். சிசிடிவி கணக்கை விட இது நேர்மையான டேஷ்போர்டு.

எல்லாம் பிரமாதம்னு சொல்ல மாட்டேன். பராமரிப்பு தனியார் அமைப்பு கையில. சுத்தி இருக்கிற கட்டட உரிமையாளர்கள் கட்டற தொகை, கடை வாடகை, நிகழ்ச்சி வாடகைன்னு பணம் வருது. அதனால 1993-லிருந்து 2010 வரைக்கும் ஃபேஷன் வீக்குக்கு அங்கதான் கூடாரம் போட்டாங்க. அந்த நாட்கள்ல பொதுமக்களோட புல்வெளி பொதுமக்களுக்கு இல்ல. நம்ம ஊர்ல பார்க்கைத் 'தத்து' கொடுக்கணும்னு யாராவது பேசினா, முதல்ல இதைக் கேளுங்க: வருஷத்துல எத்தனை நாள் யாருக்கு வாடகைக்கு விடுவீங்க?

ஏன் இப்போ இந்தக் கதைன்னா, எங்க தெரு பார்க்கைப் புதுப்பிக்கப் போறாங்க. பிளான்ல நீரூற்று, ஆர்ச், செல்ஃபி பாயிண்ட், இன்னும் ரெண்டடி ஒசரமா சுவர். இப்பவே மத்தியானம் முழுக்கப் பூட்டுதான். உள்ள வேப்பமர நிழல்ல பெஞ்ச் காலியா கிடக்கும். வெளியில டெலிவரி பசங்க அதே மரத்தோட நிழலைத் தேடி பைக் மேலயே சாய்ஞ்சு தூங்குவாங்க. சாயங்காலம் ஆறரைக்கு மேல பின்பக்கம் லைட் எரியாது. அந்த நேரத்துக்கு அப்புறம் அங்க பெண்கள் யாரையும் நான் பார்த்ததில்ல. பசங்க கிரிக்கெட் ஆடினா 'பந்து விளையாடக் கூடாது' போர்டைக் காட்டித் துரத்துவாங்க. அப்ப உள்ள யாருதான் இருக்கணும்?

மீட்டிங்ல இதைச் சொன்னேன். எதிர் வீட்டு அங்கிள், ரிட்டயர் ஆனவர், உடனே எழுந்தார்: "தம்பி, காலையில வாக்கிங் போனா உடைஞ்ச பாட்டில் நான்தான் பொறுக்குறேன். சுவர் இல்லேன்னா என்ன ஆகும்?" அவர் பயம் நியாயமானதுதான். ஆனா பாட்டில் விழறது சுவர் இருக்கும்போதே. அதுவும் தெருவுலேர்ந்து கண்ணு படாத அந்தப் பின் மூலையில மட்டும்.

நான் கேட்கறது பெரிய செலவே இல்ல. நீரூற்றுக்குப் பதிலா லைட்டும் டாய்லெட்டும். சுவரை இடுப்பளவுக்கு இறக்கி மேல கம்பி கிரில். பின்சந்துல இன்னொரு வாசல். மத்தியானம் திறந்தே இருக்கணும், அதுக்கு ஒரு வாட்ச்மேன் சம்பளம். நாற்காலி போட்டா திருடிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்றாங்க. பத்து நாற்காலி போட்டுப் பார்ப்போமே, பீட்டா டெஸ்ட் மாதிரி.

வர்ற சனிக்கிழமை ஏரியா சபைக் கூட்டம். அங்கிளும் வர்றார். சுவர் விஷயத்துல இன்னும் பிடிவாதமா இருக்கார், டாய்லெட் விஷயத்துல மட்டும் முழுசா என் பக்கம். என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.