விடுகதை விருந்து



விடுமுறை நாள் மாலையில் நாலு குடும்பங்கள் ஒன்றுகூடும்போது செலவின்றி நடத்தக்கூடிய விருந்து ஒன்று உண்டு. அதுவே விடுகதை விருந்து.

நம் முன்னோர் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கிவிடவில்லை. பாட்டு, உரை முதலாக யாப்பின் வகை ஏழினை எண்ணும் தொல்காப்பியர், 'பிசி' என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பிசி என்பது விடுகதையே. உவமையால் பொருளை மறைப்பதும், ஒன்றைச் சொல்லி வேறொன்றை உய்த்துணர வைப்பதும் என அதனை இரு வகையாகவும் காட்டினார்.

இவ்வின்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நாம் குடியேறி வாழும் இடங்களிலும் இது உண்டு. இந்தியில் பஹேலி, வங்காளத்தில் தாந்தா, தெலுங்கில் பொடுபு கதை, மலையாளத்தில் கடங்கதை என்பர். 1325-இல் மறைந்த கவிஞர் அமீர் குஸ்ரோவின் பெயரால் வழங்கும் பஹேலிகள் வடநாடெங்கும் புகழ் பெற்றவை.

ஓட ஓட வால் குறையும் குதிரை எது? ஊசியும் நூலும். இதனை எம்மொழியில் சொன்னாலும் அண்டை வீட்டார் சுவைப்பர். ஏனெனில் புதிர் பொருளில் இருக்கிறது.

இனி மற்றொன்று. தாய் படுத்திருப்பாள், குழந்தை அவள்மேல் புரண்டுகொண்டே இருக்கும். அது என்ன? அம்மியும் குழவியும். இந்தி பேசுவோர் வீடுகளிலும் 'சில்', 'பட்டா' என்னும் பெயர்களில் அதே கற்கள் உண்டு. ஆதலால் அவர்களும் விடை கண்டுவிடலாம். ஆனால் குழவி என்பதற்கே குழந்தை என்னும் பொருள் உண்டென்ற நயம் தமிழ் அறிந்தார்க்கே கிட்டும்.

எண்ணில் ஐந்தை அடுத்து வரும். மண்ணில் கடலை நாடி ஓடும். அது ஆறு. நான்கெழுத்துச் சொல் ஒன்று; மக்கள் நெருங்கி வாழும் இடம். முதலெழுத்தை நீக்கினால் கை. மூன்றாம் எழுத்தை நீக்கினால் விரல் நுனியில் இருப்பது. அது நகரம். கரமும் நகமும் அதனுள் அடங்கியுள்ளன. இவ்வகைப் புதிர்கள் மொழிபெயர்ப்புக்கு அடங்கா. நாம் சொல்லாவிடின் வேறு எவரும் நம் பிள்ளைகட்குச் சொல்லப்போவதில்லை.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழைக் கேட்டு உணர்வர். மறுமொழி சொல்லும்போது பள்ளியில் பழகிய மொழிக்குத் தாவிவிடுவர். "தமிழில் பேசு" என்று அதட்டினால் வாயை மூடிக்கொள்வர். புதிர் போட்டாலோ, விடை சொல்லும் ஆவலில் தாமே தமிழ்ச் சொல்லைத் தேடுவர். அம்மியைப் பார்த்திராத குழந்தை, "அது எப்படி இருக்கும்?" என்று கேட்கும். அக்கேள்விதான் நமக்குக் கிடைக்கும் ஊதியம்.

விருந்தை நடத்தும் முறை எளிது. இரு கட்சியாகப் பிரிந்து அமர்க. ஒவ்வொரு புதிருக்கும் மூன்று முறை விடை கூறலாம். பெரியவர்கள் முந்திக்கொண்டு விடையை உடைத்துவிடலாகாது. குறிப்பு மட்டும் தருக. அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து, அவர்கள் மொழியில் ஒன்று கேட்கச் சொல்லுக. அவர்கள் புதிரை நம் பிள்ளைகள் தமிழில் நமக்கு விளக்கட்டும்.

கணக்கில் வல்லவர்க்கு இதோ ஒன்று. குளக்கரையில் அமர்ந்திருந்த கொக்குகளைக் கண்டு, பறந்து சென்ற கொக்கொன்று, "நூறு பேருக்கும் வணக்கம்" என்றதாம். அவை சொல்லின: "நாங்கள் நூறு அல்லோம். நாங்களும், எங்கள் அளவினர் இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், அப்பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு." கரையில் இருந்தவை எத்தனை?

சற்றே எண்ணிப் பாருங்கள். விடை 36. அதனுடன் மற்றொரு 36, பின்னர் 18, அதன்பின் 9, பறந்து சென்றது 1, ஆக நூறு.

இன்றிரவு உணவுக்குப்பின் உங்கள் இல்லத்திலும் இதனைக் கேட்டுப் பாருங்கள்.