அந்தரத்திலே நின்றால்?



கனடாவிலே, ரொறன்ரோ நகரில் வாழும் எனது தம்பி சென்ற மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். பிள்ளைகளுடைய பாடசாலை விடுமுறையிலே அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் செல்லப் போவதாகவும், தன்னுடன் இருக்கும் எமது தாயாரையும் அழைத்துச் செல்ல எண்ணியிருப்பதாகவும் அதிலே எழுதியிருந்தான். அவர்கள் பார்க்க விரும்புவது ஒர்லாண்டோ நகருக்கு அண்மையிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் பெரிய களியாட்டப் பூங்கா. செய்தியின் முடிவிலே ஒரு கேள்வி இருந்தது: "அண்ணை, அங்கை கம்பியிலை தொங்கிப் போற கூண்டு இருக்காம். அம்மாவை ஏத்தலாமோ?"

அம்மாவுக்கு வயது 81. நீரிழிவு உண்டு, ஊன்றுகோல் இன்றி நடப்பதில்லை. மூத்த பிள்ளை என்ற முறையிலே மறுமொழி சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு. நானோ கலைப் பட்டதாரி, பொறியியல் கற்றவனல்லன். ஆயினும், கேள்வி தாயைப் பற்றியது. ஆகையால் சில நாட்கள் இதனைப் பற்றித் தேடிப் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றையும், அதனால் என் மனத்திலே எழுந்த எண்ணங்களையும் உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அந்தப் பூங்கா 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 100 சதுர கிலோமீற்றர் பரப்பிலே பல பூங்காக்களும் விடுதிகளும் பரந்து கிடக்கின்றன. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மக்களைக் கொண்டுசெல்வதே அங்கே ஒரு பெரிய வேலை. பேருந்துகளும் படகுகளும் ஒற்றைத் தண்டவாள வண்டிகளும் முன்னரே இருந்தன. 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி, ஸ்கைலைனர் என்னும் கம்பிவட ஊர்தியும் சேர்ந்துகொண்டது. இரண்டு பூங்காக்களையும் சில விடுதிகளையும் மூன்று வடங்கள் இணைக்கின்றன. ஒஸ்திரியா நாட்டிலே தோன்றிய டொப்பல்மயர் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. முந்நூறுக்குச் சற்றுக் குறைவான கூண்டுகள், ஒவ்வொன்றிலும் 10 பேர் வரை அமரலாம், கட்டணம் கிடையாது.

இது எவ்வாறு இயங்குகின்றது? கிணற்றுக் கப்பியைக் கண்ட எவருக்கும் இதனை விளக்குவது அரிதன்று. இரண்டு முனைகளிலும் இரண்டு பெருஞ் சில்லுகள். அவற்றைச் சுற்றி முடிவில்லாத ஓர் உருக்குவடம். ஒரு சில்லை மின்பொறி சுழற்ற, வடம் ஓயாது ஓடுகின்றது. கூண்டின் தலையிலே ஒரு கிடுக்கி உண்டு. அக்கிடுக்கி ஓடும் வடத்தைப் பற்றிக்கொள்ள, கூண்டு தூண்களுக்கு மேலாக மணிக்கு 18 கிலோமீற்றர் அளவான வேகத்திலே செல்கின்றது. நம்மூரில் சைக்கிளை வேகமாக மிதிப்பவர் செல்லும் வேகந்தான். நிலையத்தை அடைந்ததும் கிடுக்கி வடத்தை விட்டுவிடுகின்றது. கூண்டு வேகந் தணிந்து ஊர்ந்து செல்ல, கதவு திறக்கின்றது. மக்கள் இறங்கியும் ஏறியும் முடிந்தபின், மீண்டும் வடத்தின் வேகத்துக்குத் தள்ளப்பட்டு அதனைப் பற்றிக்கொள்கின்றது.

இதிலே உள்ள நன்மை பெரிது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். 12 விநாடிகளுக்கு ஒரு கூண்டு புறப்படுவதாகக் கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு 5 கூண்டுகள், 50 பேர். ஒரு மணித்தியாலத்தில் 3,000 பேர். 60 பேர் செல்லும் பேருந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை வருமாயின், அதே நேரத்திலே 180 பேரைத்தான் கொண்டுசெல்லும். இதனாலேயே கொலம்பியாவின் மெடலின் நகரம் 2004ஆம் ஆண்டிலும், பொலிவியாவின் லா பாஸ் நகரம் 2014ஆம் ஆண்டிலும், மலைச்சரிவுகளில் வாழும் எளிய மக்கள் வேலைக்குச் செல்வதற்கென இத்தகைய ஊர்திகளை அமைத்தன. ஆகவே, இதனை வெறும் விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிடுதல் தகாது.

ஆனால் நேயர்களே, நன்மை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இடரும் இருக்கின்றது. பேருந்து ஒன்று பழுதடைந்தால் அந்த ஒன்றுதான் நிற்கும். மற்றவை அதனை விலகிச் செல்லும். வடத்திலே அவ்வாறன்று. ஒரு கூண்டிலே கோளாறு என்றால் முழு வடமுமே நிற்க வேண்டும். வாயிலிலே கால் இடறிய முதியவர் ஒருவருக்காகவும் அத்தனை பேரும் அந்தரத்திலே காத்திருக்க வேண்டும்.

ஸ்கைலைனர் திறந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை. 2019 ஒக்டோபர் 5ஆந் திகதி இரவு, நிலையம் ஒன்றிலே கூண்டுகள் சில ஒன்றோடொன்று மோதி நெருங்கிக்கொள்ள, அந்த வடம் நின்றுபோயிற்று. அதிலே இருந்தவர்களிற் சிலர் மூன்று மணித்தியாலத்துக்கு மேலாக அந்தரத்திலே இருக்க நேர்ந்தது. தீயணைப்புப் படையினர் உயர்தூக்கிகளைக் கொண்டுவந்து சிலரை இறக்கினர். ஊர்தி முழுவதும் மூடப்பட்டு, ஒக்டோபர் 14ஆந் திகதியே மீண்டும் ஓடத் தொடங்கியது.

அந்த மூன்று மணித்தியாலத்தை நான் என் தாயாரோடு சேர்த்து எண்ணிப் பார்த்தேன். அக்கூண்டுகளிலே குளிரூட்டி கிடையாது. காற்றுவழிகள் உண்டு, ஓடும்போது காற்று உட்புகுந்து வெளியேறும். நின்றுவிட்டாலோ அந்த ஓட்டம் குறைந்துபோகும். புளோரிடாவின் கோடை வெயிலும் புழுக்கமும் நம் நாட்டவருக்கு விளக்க வேண்டியவை அல்ல. கூண்டிலே மலசலகூடம் இல்லை. நீரிழிவு உள்ள முதியவருக்கு இது எத்தகைய தொல்லை என்பதை வீட்டிலே முதியோரை வைத்துப் பராமரிப்போர் அறிவர். மேலும், புளோரிடா மின்னல் மிகுந்த மாநிலம். கோடையின் பிற்பகல்களிலே இடியும் மழையும் சடுதியாக வந்து சேரும். மின்னல் அண்மிக்கும்போது ஏறியவர்களை இறக்கிவிட்டு ஊர்தியை நிறுத்திவிடுவார்கள். அது முறையே. ஆனால் நிறுத்திய பின்னர் நிலையத்திலே திரண்டு நிற்கும் மக்களுக்குப் பேருந்து ஆயத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? இடிமுழக்கத்தின் நடுவே ஊன்றுகோலோடு ஒருவர் எவ்வளவு நேரம் நிற்பது?

இவ்வளவையும் எண்ணியபின், 'அம்மாவை ஏற்றவே வேண்டாம்' என்று எழுதுவதற்கு நான் முற்பட்டேன். என்னைத் தடுத்தவை வேறு இரண்டு நிகழ்ச்சிகள்.

ஒன்று இத்தாலியிலே நிகழ்ந்தது. 2021ஆம் ஆண்டு மே 23ஆந் திகதி, மொத்தரோனே என்னும் மலையிலே கம்பிவட ஊர்தி ஒன்றின் இழுவடம் அறுந்தது. அதிலே இருந்த 15 பேரில் 14 பேர் மாண்டனர். சிறுவன் ஒருவனே உயிர் தப்பினான். இழுவடம் அறுந்தால் கூண்டு மற்ற வடத்தைப் பற்றி நின்றுவிடுவதற்கென அவசரத் தடை ஒன்று அந்த ஊர்தியிலே இருந்தது. அது வேலை செய்யாதபடி மனிதரே அதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தனர். காரணம் என்ன? அத்தடை இடையிடையே தானாகவே விழுந்து ஊர்தியை நிறுத்திக்கொண்டிருந்ததாம். நிற்பதைத் தொல்லையென்று எண்ணினர். நிறுத்தும் கருவியைக் கட்டிப்போட்டனர்.

மற்றது இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்திலே, தேவ்கர் அருகேயுள்ள திரிகூட மலையில் நிகழ்ந்தது. 2022 ஏப்ரல் 10ஆந் திகதி அங்கே கூண்டுகள் மோதிக்கொண்டன. மக்கள் உயரத்திலே அகப்பட்டுக்கொண்டனர். அவர்களை மீட்டு முடிக்க 40 மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. விமானப்படையின் ஹெலிகொப்டர்கள் வர வேண்டியிருந்தது. மூவர் உயிரிழந்தனர், அவர்களுள் மீட்பு வேலையின்போதே விழுந்து இறந்தவர்களும் உளர்.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது ஓர் உண்மை எனக்குப் புலனாயிற்று. கம்பிவட ஊர்தி நிற்பது குற்றமன்று. நிற்கத் தெரிவதே அதன் பாதுகாப்பு. மொத்தரோனேயிலே நிற்க வேண்டியது நிற்கவில்லை. தேவ்கரிலே நின்றபின் மனிதரை இறக்குவதற்குப் போதிய ஆயத்தம் இருக்கவில்லை. ஆகவே, 'இது நிற்குமா?' என்று கேட்பது சரியான கேள்வியன்று. 'நின்றால் என்ன செய்வார்கள்?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே என் தொழிலனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அநுராதபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். வவுனியாவைத் தாண்டியபின், ஆளரவமற்ற ஓரிடத்திலே வாடகைப் பேருந்து நின்றுவிட்டது. சாரதி கீழே இறங்கி இயந்திரத்தைப் பார்த்தார். எவருக்கும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அரைமணி நேரம் சென்றது. சிறுமி ஒருத்தி அழத் தொடங்கினாள். அவளைக் கண்டு நால்வர் அழுதனர். பின்னர் நான் சாரதியிடம் விடயத்தைக் கேட்டறிந்து பிள்ளைகளிடம் வந்தேன். "ஓர் உறுப்பு உடைந்துவிட்டது. வவுனியாவிலிருந்து கொண்டுவர இரண்டு மணித்தியாலம் ஆகும். அதுவரை அந்த மரநிழலிலே இருப்போம்," என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அழுகை நின்றது. சற்று நேரத்திலே பாட்டும் தொடங்கிவிட்டது. இரண்டு மணித்தியாலம் என்பது அரைமணி நேரத்தினும் நீண்டதுதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது.

ஆகவே, கூண்டிலே தொங்குபவருக்கு முதலிலே வேண்டியது, அவரை நோக்கிப் பேசும் ஒரு குரல். 'சிறிது நேரத்திலே புறப்படும்' என்று பதிவுசெய்த வாசகம் மீண்டும் மீண்டும் ஒலித்தால் எவர்தாம் நம்புவர்? ஏன் நின்றது, எவ்வளவு நேரமாகும், தாமதமானால் எவ்வாறு இறக்குவோம் என்று மனிதர் ஒருவர் சொல்ல வேண்டும். அடுத்து வேண்டியவை குடிநீர், வெளிச்சம், நோயாளி தன் நிலையை வெளியே அறிவிக்க ஒரு வழி. மூன்றாவதாக, மின்சாரம் நின்றாலும் வடத்தை மெதுவாக இழுத்துக் கூண்டுகளை நிலையத்துக்குக் கொண்டுவரும் துணைப்பொறி. நான்காவதாக, அதுவும் இயலாதபோது ஒவ்வொரு கூண்டையும் எட்டிப் பிடிக்கக்கூடிய மீட்புப் படையும், அப்படைக்கு இடைவிடாத பயிற்சியும். பாடசாலையிலே தீயணைப்புப் பயிற்சி நடத்தும்போது, 'தீப்பற்றவில்லையே, எதற்கு?' என்று கேட்கும் மாணவரை நான் கண்டிருக்கிறேன். இந்தப் படையினரின் பயிற்சியும் அத்தகையதே.

தம்பிக்கு நான் எழுதிய மறுமொழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவை ஏற்றலாம். ஆனால் காலையிலே, வெயில் ஏறுமுன் ஏற்று; இடிமுகில் திரளும் பிற்பகலிலே வேண்டாம். ஏறுவதற்குச் சற்று முன்னர் மலசலகூடத்துக்கு அழைத்துச் செல். குடிநீரும், மாத்திரைகளும், சீனி குறைந்தால் கொடுப்பதற்கு இனிப்பும் கையிலே இருக்கட்டும். ஓடும் கூண்டிலே ஏறச் செய்யாதே. பல நிலையங்களிலே சக்கர நாற்காலியிலே வருவோருக்கும் நடை தளர்ந்தோருக்குமெனக் கூண்டை முற்றாக நிறுத்தி ஏற்றும் தனிவழி உண்டு. அதனைக் கேட்டுப் பெறு, கேட்பதற்கு வெட்கப்படாதே. கதவு மூடியதும் இருக்கைக்குக் கீழே உள்ள அவசரப் பெட்டி எங்கே என்று பார்த்துக்கொள். நின்றுவிட்டால் பிள்ளைகளைக் கூண்டை ஆட்ட விடாதே; கதவைத் தொடவும் விடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவிடம் முன்னரே சொல்லிவிடு: 'இது இடையிலே நிற்கும், நின்றால் பயமில்லை' என்று.

இதனை எழுதியபின் அம்மாவோடும் தொலைபேசியிலே பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "அவ்வளவு உயரத்திலை நிண்டால் எனக்கு ஒண்டுமில்லை, தம்பி. உவன் சின்னவனுக்குத்தான் பயம். நான் பக்கத்திலை இருந்தால் அவன் இருப்பான்," என்றார். என் தம்பிக்கு இப்போது வயது 49. தாயை ஏற்றலாமோ என்று அவன் கேட்ட கேள்வியிலே அவனுடைய அச்சமும் கலந்திருந்ததென்பதை, இத்தனை நாள் படித்த நான் அறியவில்லை. அம்மா ஒரு நொடியிலே அறிந்துகொண்டார்.

அடுத்த மாதம் அவர்கள் புறப்படுகின்றனர். நேயர்களே, உங்களிலும் பலருக்கு வெளிநாடுகளிலே பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் இருப்பர். முதியோரை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லுமுன், அங்கே காணக்கூடிய காட்சிகளை மாத்திரம் விசாரியாது, 'நின்றால் என்ன செய்வார்கள்?' என்ற கேள்வியையும் விசாரித்தறியும்படி அவர்களுக்கு எழுதுங்கள்.