மா என்னும் ஓரெழுத்து



ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நிகழும் இம்மாங்கனித் திருவிழாவில் எங்கு நோக்கினும் மாங்கனியே. பிட்சாடனப் பெருமான் வீதியுலா வரும்பொழுது அன்பர்கள் மாடியினின்றும் திண்ணையினின்றும் கனிகளை இறைக்கின்றனர். அவற்றை ஏந்தக் கைகள் ஆயிரம் உயர்கின்றன. ஆதலின் இன்று ‘மா’ என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டோம். ஓரெழுத்துத்தான், ஆயினும் ஒரு நாழிகையில் அடங்கக் கூடியதன்று.

தமிழில் ஓரெழுத்தொருமொழி 42 என்று நன்னூலார் வகுத்தார். அவற்றுள் மகர வரிசையில் மட்டும் ஆறு. அவ்வாறனுள் முதலாவது மா. மாமரம் மா, விலங்கு மா, விலங்கினுள்ளும் சிறப்பாகக் குதிரை மா. கருமையும் மா, திருமகளும் மா. அரிசியை இடித்த பொடியை நாம் மாவு என்கிறோம். யாழ்ப்பாணத்தார் இன்றும் மா என்றே வழங்குவர். இவற்றின் மேலாக இரண்டு பொருள்களை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். மா என்றால் பெரியது. மா என்றால் இருபதில் ஒரு கூறு. நிலக்கணக்கில் 20 மா கொண்டது ஒரு வேலி. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளில், நிலத்தை வேலியும் மாவும் காணியும் முந்திரிகையுமாகக் கூறுபடுத்தி எழுதியிருத்தலைக் காணலாம். பெரிதையும் சிறுகூற்றையும் ஒரே எழுத்துத் தாங்கி நிற்கிறது. நன்செய் உடைய அன்பர்களுக்கு இக்கணக்கை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

தமிழுக்குள்ளேயே இத்துணை என்றால், பிற மொழிகளில் கேட்க வேண்டுமா? இவ்வூர் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சிக்கு மாறியது. அவர்தம் மொழியில் ‘மா’ என்பது, பெண்பாற் பெயர்க்கு முன் நின்று ‘என்னுடைய’ எனப் பொருள்படும். இத்தாலியர்க்கு அது ‘ஆனால்’. அரபு மொழியில் ‘என்ன’ என்னும் வினாவும் அதுவே, ‘இல்லை’ என்னும் மறுப்பும் அதுவே. ஈற்றில் தொண்டையைச் சற்றே அடைத்து ஒலித்தால் தண்ணீர். சப்பானியர்க்கோ அது வெற்றிடைவெளி.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர் பலர் கப்பலேறிச் சைகோன் நகருக்குச் சென்றனர். அங்கு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. அந்நாட்டு வியட்நாமிய மொழியில் ஓசையின் ஏற்ற இறக்கமே பொருளை வேறாக்கும். மா என்பதைச் சமமாக ஒலித்தால் பேய், உயர்த்தி ஒலித்தால் தாய், தாழ்த்தினால் ‘ஆனால்’. மற்றை ஓசைகளில் கல்லறை, குதிரை, நெல் நாற்று என வரும். நாற்றங்கால் வரை வந்துவிட்டது பாருங்கள்! சீனத்திலும் இவ்வாறே தாய், சணல், குதிரை, வைதல் என நான்கு ஓசைக்கு நான்கு பொருள்.

‘சீனர்க்கும் குதிரை மா, தமிழர்க்கும் குதிரை மா, ஆகவே அவர் மொழி நம்மிடமிருந்து சென்றது’ என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். கைதட்டலும் கிடைக்கிறது. நாம் அதற்கு உடன்படோம். வியட்நாமியர் குதிரையை அவ்வாறு கூறுவது சீனரிடம் பெற்றது. அதற்கு வரலாறு உண்டு. தமிழ் மாவுக்கு அத்தகைய சான்று இல்லை. மனிதர் வாயில் பிறக்கும் ஒலிகள் சில. சொல்ல வேண்டிய பொருள்களோ கணக்கற்றன. இரண்டு ஊரார் ஒரே ஒலியில் ஒரே பொருளை வைத்துவிடுதல் தற்செயலாகவும் நிகழும். கோயில் மேடையில் பொய்யை வைத்துத் தமிழன்னைக்குப் பெருமை தேட வேண்டிய வறுமை அவளுக்கு வரவில்லை. தாயைக் குறிக்கும் சொல்லில் மகரம் பல மொழிகளில் வருவதற்கு வேறு காரணம் உண்டு. பால் உண்ணும் மழலை இதழ் மூடியபடி எழுப்பும் ஒலியே அது என்று உரோமன் யாக்கொப்சன் என்னும் மொழியறிஞர் விளக்கினார். அதற்கும் விலக்கு உண்டு: சார்சிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை! நம் வீடுகளில் மாமா யார் என்பது தாங்கள் அறிந்ததே.

இவற்றையெல்லாம் கேட்ட ஓர் இளைஞர், ‘ஒலிக்குத் தனக்கென ஒரு பொருள் இல்லையென்றால், ஐயா, திருவைந்தெழுத்தும் வெறும் ஒலிதானா?’ என்று நம்மை வினவினார். நல்ல வினா, வெகுளத் தக்கதன்று. எல்லாச் சொல்லும் பொருளுடையன என்ற தொல்காப்பியரே, சொல் அப்பொருளைப் பெற்ற காரணம் வெளிப்படத் தோன்றாது என்றும் கூறிச் சென்றார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு சங்கேதத்தால் வந்தது என்பர் தருக்க நூலார். என்றும் உள்ள இயற்கை என்பர் மீமாஞ்சகர். அவ்வழக்கை ஈண்டு நாம் தீர்க்கப் போவதில்லை. நாம் அவருக்குச் சொன்னது இது: திருவைந்தெழுத்தை நாம் அகராதி பார்த்து ஓதுவதில்லை, குருவின் வாயிலாகப் பெற்று ஓதுகிறோம். சைகோன் தெருவில் அதனைக் கேட்பார்க்கு அது விளங்காதிருக்கலாம். அதனால் ஓதுவார்க்கு என்ன குறை?

வடமொழியில் மா என்பது ‘வேண்டா’ என்னும் விலக்கு. வான்மீகி வேடனைச் சினந்து கூறிய சுலோகம் அச்சொல்லோடுதான் தொடங்குகிறது; உரையாசிரியர் சிலர் அதே மாவைத் திருமகளாக்கி, சாபத்தைத் திருமாலுக்குரிய வாழ்த்தாக மாற்றிக் காட்டினர். அதனினும் இனியது காளிதாசர் குமாரசம்பவத்தில் கூறுவது. தவம் செய்யப் புறப்பட்ட மகளை நோக்கி மேனை, ‘உ! மா!’ என்றாள். ‘அடி பெண்ணே, வேண்டா’ என்பது பொருள். அதுவே உமா என்னும் திருநாமமாயிற்று. தாய் தடுத்த சொல் மகளுக்குப் பெயராகி நின்றது. வங்க நாட்டில் இராமபிரசாதர் முதலான அடியார்களோ அம்பிகையை ‘மா’ என்றே அழைத்து உருகினர்; அங்கே அது தாய்.

இனி நம் புனிதவதியாரிடம் வருவோம். அடியவர்க்கு ஒரு கனியை இட்டுவிட்டார். எஞ்சியதை உண்ட கணவன் மற்றொன்றும் கொணர்க என்றான். அப்பொழுது அவர் வாய் திறந்து ஏதும் மொழிந்ததாகச் சேக்கிழார் பெருமான் பாடவில்லை. விடையவர் திருவடியை மனத்துள் உணர்ந்தார். கனி கையில் வந்தது. மறுமுறை கணவன் நம்பாது கேட்டபோதுதான் விண்ணப்பம் மொழியாக வெளிப்பட்டது. பின்னர்க் கணவன் பிரிந்ததும், அம்மையார் ஊனுடம்பை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றதும் அன்பர்கள் அறிந்தவையே.

அந்த என்புருவம் கயிலையில் தலையால் நடந்து ஏறுகிறது. கண்டு வியந்து ‘இவர் யார்’ என வினவியவர் உமையம்மை. நம்மைப் பேணும் தாய் இவள் என விடை கூறினார், தாயில்லாத பெருமான். பேய்க்கும் தாய்க்கும் ஓரெழுத்தே என்ற வியட்நாமிய வழக்கைத் தற்செயல் என்றுதான் சற்று முன் நாமும் வைத்தோம். இவ்விடத்தில் அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. பெருமான் ‘அம்மையே’ என்றார். அம்மையார் ‘அப்பா’ என்று சொல்லித் திருவடியில் வீழ்ந்தார். வேண்டுவது யாது எனக் கேட்டருள, பிறவாமையும், பிறக்க நேரின் மறவாமையும், ஆடும்போது அடியின்கீழ் இருக்கும் பேறும் வேண்டினார். திருவாலங்காட்டில் இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

திருச்சிற்றம்பலம்.